மயக்க மருந்தும் தாதியர் கல்வியும்



சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்கச் செல்கிறோம். சிகிச்சை செய்தவர் யார் என்று கேட்டால் வைத்தியரின் பெயரை அவர் உடனே சொல்லிவிடுகிறார். உங்களை உறங்கவைத்து மறுபடியும் எழுப்பியவர் யார் என்று கேட்டால் விழிக்கிறார். தம் மூச்சைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத வேளையில், மேசையின் தலைமாட்டில் நின்று அம்மூச்சைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர்களை அவர் அறியார். அறியப்படாதிருப்பது அத்தொழிலின் இலக்கணம் போலும்.

அவர்களுள் ஒருவரான தாதியைப் பற்றியும், அவர் கற்றுக்கொள்ள வேண்டிய அடிப்படைகளைப் பற்றியும் இன்று சிறிது பேச விரும்புகிறேன். வைத்தியக் கல்வி எனக்கில்லை. கலைப் பட்டம் பெற்று, கண்டி நகருக்கு அணித்தான ஓர் அரசாங்கப் பாடசாலையில் அதிபராய்ப் பணிபுரிகிறேன். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் காலங்களில், தாதியர் பயிற்சியிற் சேரலாமா என்று கேட்டு மாணவிகளும் அவர்தம் பெற்றோரும் என்னிடம் வருவதுண்டு. எங்கள் பாடசாலையிற் கற்று, இன்று சத்திரசிகிச்சைக் கூடத்திற் கடமையாற்றும் பழைய மாணவி ஒருவரும் விடுமுறை நாட்களில் வந்து உரையாடுவார். அவரிடம் கேட்டறிந்தவையும் நூல்களிற் கற்றவையுமே இப்பேச்சுக்கு ஆதாரம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர் வைத்தியரே. தாதி அவருக்குத் துணை நிற்பவர், மருந்தையும் கருவியையும் ஆயத்தம் செய்பவர், நோயாளியை ஏற்பவர், சிகிச்சை முடிந்தபின் விழிக்கும்வரை அருகிருந்து காப்பவர். அமெரிக்காவிலோ, தனிப்பயிற்சி பெற்ற தாதியர் தாமே மயக்க மருந்து கொடுக்கின்றனர். அது அங்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். அவ்வழக்கம் தோன்றிய வரலாறு, இத்தொழிலின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை நமக்குக் காட்டுகிறது.

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, பொஸ்டன் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் மோர்ட்டன் என்னும் பல் வைத்தியர், கழுத்திற் கட்டியோடு வந்த ஓர் இளைஞருக்கு ஈதர் ஆவியை முகரக் கொடுத்தார். வாரன் என்னும் முதிய சத்திர வைத்தியர் நோயாளி அலறாதிருக்கக் கட்டியை அகற்றினார். அடுத்த ஆண்டே எடின்பரோவில் சிம்சன் குளோரோபோமைக் கையாண்டார். ஆனால் 1848ஆம் ஆண்டு சனவரியில், இங்கிலாந்தின் வடபகுதியில் ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்டுச் சில நிமிடங்களில் உயிர்நீத்தாள். ஒரு நகத்துக்காக ஓர் உயிர்! நோவை நீக்க வந்த மருந்தே கொல்லவும் வல்லது என்பதை உலகம் அன்று கண்டது.

அப்படியிருந்தும் அம்மருந்தைக் கொடுப்பதை நெடுங்காலம் ஒரு தனித்தொழிலாக எவரும் மதிக்கவில்லை. வேறு வேலையில்லாத இளம் வைத்தியர் ஒருவரையோ மாணவர் ஒருவரையோ தலைமாட்டில் நிறுத்துவர். அவருடைய கண்ணெல்லாம் கத்தியின்மேல். தாமும் ஒருநாள் அக்கத்தியைப் பிடிக்கவேண்டும் என்னும் ஆசை அவருக்கு. நோயாளியின் உதடு நீலம் பாய்ந்ததை அவர் கடைசியிற் காண்பார். இக்குறையை உணர்ந்த சில சத்திர வைத்தியர்கள் தாதியரை நாடினர். 1877ஆம் ஆண்டில், பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகர வைத்தியசாலையில் சகோதரி மேரி பெர்னாட் என்னும் கன்னியர் இப்பணியை ஏற்றார். மினசோட்டாவில் மயோ சகோதரர்களின் வைத்தியசாலையில் அலிஸ் மகாவ் என்னும் தாதி ஈதரைத் துணி முகமூடியின்மேல் துளித்துளியாகச் சொட்டிக் கொடுத்தார். பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இவ்வாறு கொடுத்ததை அவர் 1906ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் ஒன்றும் அதில் இல்லை.

இதில் என் கருத்தைக் கவர்ந்தது அந்த எண்ணிக்கை மட்டுமன்று. மருந்து கொடுக்கும்போது நோயாளியோடு பேசிக்கொண்டேயிருக்க வேண்டும் என்பது அவ்வம்மையாரின் கொள்கை. அச்சம் தெளியப் பேசி, மூச்சை இழுக்கச் சொல்லி, பேச்சாலேயே பாதி உறக்கத்தை வருவித்து, மீதிக்கே மருந்தைப் பயன்படுத்தினார். அஞ்சிப் போராடும் நோயாளிக்கு மருந்து மிகுதியாக வேண்டும். மருந்து மிகுந்தால் ஆபத்தும் மிகும். ஆகவே அவருடைய சொல்லும் மருந்தோடு சேர்ந்த மருந்தாயிற்று. நோயாளிக்கு விளங்காத மொழியில் அவர் பேசியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1915ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரில் அகதா ஹொட்ஜின்ஸ் என்பார் இதற்கெனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். தாதியர் மயக்க மருந்து கொடுப்பது வைத்தியத் தொழிலிற் புகுவதாகுமென்று கலிபோர்னியாவில் வைத்தியர் சிலர் தொடுத்த வழக்கு, 1936ஆம் ஆண்டு அம்மாநில உயர்நீதிமன்றத்தில் தாதிக்குச் சார்பாக முடிந்தது. இக்காலத்தில் அங்கு இத்துறையிற் புக விரும்பும் தாதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டேனும் கடமையாற்றியிருக்க வேண்டும். அதன்மேல் கலாநிதித் தரத்துப் படிப்பையும் முடிக்கவேண்டும். நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு வேண்டுமா என்னும் வாதத்துக்கு நான் வரவில்லை. அது துறையறிந்தோர் முடிவு செய்யவேண்டியது. துணை நிற்கும் தாதிக்கும் அதே அடிப்படைகள் தேவை என்பதே நான் சொல்ல வருவது.

அந்த அடிப்படைகள் யாவை?

முதலாவது மூச்சு. உறங்குபவன் மூச்சு விடுகிறானே, மயக்கத்தில் மட்டும் என்ன தீங்கு என்று கேட்கத் தோன்றும். இயல்பான உறக்கம் வேறு, மருந்தால் வருவது வேறு. மயக்கத்தில் நாக்கு தளர்ந்து பின்வாங்கித் தொண்டையை அடைக்கிறது. 1942ஆம் ஆண்டு, கனடா நாட்டு மொன்றியல் நகரில் கிரிபித் என்னும் வைத்தியர், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தோய்த்த கியுராரே என்னும் நஞ்சின் சாரத்தைச் சத்திரசிகிச்சையிற் கையாண்டார். தசைகளெல்லாம் தளர்ந்தமையால் சிகிச்சை எளிதாயிற்று. ஆனால் மூச்சுவிடும் தசையும் தசைதானே! அந்நாள் தொட்டு, நோயாளிக்காக வேறொருவர் மூச்சு விடவேண்டியதாயிற்று. ஒட்சிசன் கிட்டாத மூளை நாலைந்து நிமிடங்களுக்கு மேல் தாங்காது. இதனாலேயே உறங்கவைக்கு முன்னர், முகமூடி வழியே மூன்று நிமிடமளவு தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து, நுரையீரலில் ஒரு சேமிப்பை ஏற்படுத்துகின்றனர். குழாயைத் தொண்டையிற் செலுத்துதற்குச் சற்றுத் தாமதமானாலும் அச்சேமிப்பு கைகொடுக்கும்.

அக்காலத் தாதி உதட்டின் நிறத்தையும் நகக்கண்ணின் நிறத்தையும் பார்த்தே ஒட்சிசனின் அளவை ஊகிக்கவேண்டியிருந்தது. தேயிலைக் கொழுந்தின் கறை படிந்த விரல்களில் அந்நிறத்தைக் காண்பது எவ்வளவு அரிதென்பதை மலைநாட்டவர் அறிவர். இன்று விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி ஒளிக்கதிரைச் செலுத்தி அதனை அளந்துவிடுகிறது. ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1974ஆம் ஆண்டளவில் கண்ட உபாயம் இது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒலியெழுப்பி, ஒட்சிசன் குறையக் குறைய ஒலியின் சுருதியும் தாழும்படி இக்கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. தேர்ந்த தாதி முதுகைத் திருப்பி மருந்து எடுத்துக்கொண்டிருக்கையிலும் சுருதி இறங்கியதைச் செவியால் உணர்வார் என்று எங்கள் பழைய மாணவி கூறினார். சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் வியந்தனர். நகப்பூச்சு பூசியிருந்தால் இக்கருவி சிலவேளை பிழையாகக் காட்டுமாதலால், அதை அழித்துவிட்டு வருமாறு சொல்வதும் தாதியின் வேலை.

இரண்டாவது வயிறு. மயக்கத்தில், இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுட் புகக்கூடும். நியூயோர்க்கில் மெண்டல்சன் என்னும் வைத்தியர் 44,016 மகப்பேறுகளை ஆராய்ந்து, அவற்றுள் 66 பேருக்கு இவ்வாறு நேர்ந்ததென்று 1946ஆம் ஆண்டு எழுதினார். திட உணவு தொண்டையை அடைத்து இருவர் இறந்தனர். வேறு பலருக்கு இரைப்பை அமிலம் நுரையீரலைத் தாக்கியிருந்தது. இதனாலேயே, சத்திரசிகிச்சைக்கு முன் திட உணவை ஆறு மணித்தியாலமும், கொழுப்பு மிகுந்ததை எட்டு மணித்தியாலமும், தெளிந்த நீரை இரண்டு மணித்தியாலமும் நிறுத்தவேண்டும் என்னும் விதி வழங்கி வருகிறது. அவசர சிகிச்சைக்கு வரும் நோயாளியிடம் இவ்விதி செல்லாது. அவருக்கு மயக்கம் கொடுக்கும்போது, அருகில் நிற்பவர் கழுத்தின் முன்னுள்ள வளையம் போன்ற குருத்தெலும்பை இரு விரல்களால் அழுத்தி, பின்னால் உள்ள உணவுக்குழாயை மூடிப் பிடிப்பதுண்டு. செலிக் என்பார் 1961ஆம் ஆண்டு எடுத்துரைத்த முறை இது. இதன் பயன் பற்றி இன்று வைத்தியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கைக்கொள்ளப்படும் இடங்களில் அவ்விரல்கள் பெரும்பாலும் தாதியுடையவையே.

இங்கேதான் நமது தேயிலை நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. எங்கள் பழைய மாணவி கூறியதை, அவர் கூறியவாறே சொல்கிறேன். தோட்டமொன்றிலிருந்து வந்த முதிய அம்மையார் ஒருவரிடம் காலையிற் சாப்பிட்டீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை என்றார். கேட்டவர் சிங்களத்திற் கேட்டார். அம்மையாரும் தமக்குத் தெரிந்த சிங்களத்திலேயே விடையிறுத்தார். பத்திரத்தில் அவ்வாறே எழுதப்பட்டது. பின்னர் எங்கள் மாணவி அருகிற் சென்று பேச்சுக் கொடுத்தார்.

'பாட்டி, தேத்தண்ணி ஏதும் குடிச்சீங்களா?'

'அது குடிச்சேன் மிஸ். பால் போட்டது.'

'அதோட?'

'ஒரு துண்டு ரொட்டி. சாப்பாடு ஒண்ணும் இல்ல.'

அவர் பொய் சொல்லவில்லை. அதிகாலையில் எழுந்து மலையேறும் மக்களுக்குச் சாப்பாடு என்றால் அது சோறு. ரொட்டி பசிக்குத் துணை. தேநீரோ வெறும் நீர். ஆனால் மயக்க மருந்தின் கணக்கு வேறு. சாயம் மட்டுமுள்ள வெறுந்தேநீர் தெளிந்த நீரோடு சேரும். பால் விட்ட தேநீர், வயிற்றிற் சென்று திரைந்துவிடுமாதலால் உணவோடு சேரும் என்றே பெரும்பாலும் கொள்வர். அன்று அவ்வம்மையாரின் சிகிச்சை பிற்பகலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது. தள்ளிவைக்கப்படாதிருந்தால் என்ன நடந்திருக்கக்கூடும் என்பதை மெண்டல்சனின் எண்கள் சொல்கின்றன.

அதன்பின் எங்கள் மாணவி தம் கேள்வியையே மாற்றிக்கொண்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்கிறார். இவ்வாறு கேட்டால் தேநீரும் வரும், ரொட்டியும் வரும், வெற்றிலையும் வரும். தமிழாசிரியர் எவரும் அவருக்கு இதைக் கற்பித்திருக்க முடியாது. கேள்வியொன்றை இத்துணைச் செம்மையாக அமைத்த வினாத்தாளை நான் அதிகம் கண்டதில்லை.

வெற்றிலை என்றவுடன் மூன்றாவது அடிப்படைக்கு வந்துவிடுகிறோம். அது வாய். குழாய் செலுத்துதற்கு வாய் நன்றாகத் திறக்கவேண்டும். நோயாளி தம் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. நெடுநாள் வெற்றிலை பாக்கு மென்றோர் சிலருக்கு வாயின் உட்சதை இறுகி நார்போலாகி, இரண்டு விரலுக்கும் வாய் திறவாது போகிறது. பேராதனைப் பல்வைத்திய பீடத்தார் நீண்டகாலமாய் ஆராய்ந்துவரும் நோய் இது; தோட்டப் பகுதிகளில் இது புதியதன்று. இத்தகைய வாயை முன்கூட்டியே கண்டு வைத்தியரிடம் சொல்லிவிட்டால் அவர் வேறு வழியை ஆயத்தம் செய்துகொள்வார். நோயாளி தசை தளர்ந்து மூச்சின்றிக் கிடக்கும்போது அதனைக் கண்டுபிடிப்பது தாமதமான கண்டுபிடிப்பு. ஆடும் பல் உண்டா, கழற்றும் பல் உண்டா என்று கேட்பதும் இதன்பாற்படும். கழற்றும் பல்லைப் பிறர்முன் எடுக்க நாணி மறைப்போர் பலர். அவர்களிடம் மெல்லக் கேட்கவேண்டும். தாழ்ந்த குரலில், அவர்களுடைய மொழியிற் கேட்கவேண்டும்.

கருவிகளைப் பற்றி விரித்துரைக்க நேரம் போதாது. உறிஞ்சு கருவி வேலை செய்கிறதா, தொண்டையைப் பார்க்கும் கருவியின் விளக்கு எரிகிறதா, அளவுக்கேற்ற குழாய்கள் உண்டா, ஒவ்வொரு ஊசிக்குழலிலும் மருந்தின் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்பனவற்றை நாள்தோறும் காலையிற் பார்த்துவிட வேண்டும். நீர் போன்ற மருந்துகள் பல, பார்வைக்கு ஒன்றே. இவையெல்லாம் பழக்கத்தாற் கைவருவன.

பழக்கத்தால் மட்டும் கைவராதது சொல். நான் தமிழ் படித்தவனாதலால் இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச நேயர்கள் பொறுத்தருள வேண்டும். உணர்வில்லாமை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை, பொஸ்டன் நகரத்து ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1846ஆம் ஆண்டு மோர்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில் இத்துறைக்குப் பெயராகச் சூட்டினார். நம் கலைச்சொல்லாக்கத்தார் உணர்வழிவு என்றும் உணர்வகற்றல் என்றும் கூறுவர். மக்களோ மயக்கம் என்கின்றனர். மயக்கம் என்னும் சொல்லுக்கு நம் பேச்சில் எத்தனை பொருள்! தலை சுற்றினாலும் மயக்கம். பசியால் கண் இருண்டாலும் மயக்கம். வீழ்ந்து உணர்விழந்தாலும் மயக்கம். 1898ஆம் ஆண்டு ஜேர்மனியில் பியர் என்பார் தொடங்கிய முறைப்படி, முதுகெலும்பின் இடையே ஊசி செலுத்தி இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வர். வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுக்கும் சிகிச்சைகளிற் பெரும்பாலானவை இன்று இம்முறையிலேயே நடைபெறுகின்றன. தாய் விழித்திருக்கிறாள். மருந்து ஏறிய சிறிது நேரத்தில் இரத்த அழுத்தம் தாழ்ந்து அவளுக்குத் தலை சுற்றும். 'மயக்கமா வருது' என்கிறாள். தமிழறிந்த தாதி உடனே இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். மயக்கம் என்னும் ஒரு சொல்லை மட்டும் கேட்டறிந்தவரோ, மயக்க மருந்து வேலை செய்கிறது என்று தாய் சொல்வதாக எண்ணித் தலையசைக்கவும் கூடும்.

யாழ்ப்பாணத்தார் விறைப்பு என்பதை மலைநாட்டார் மரத்துப்போதல் என்பர். இந்த வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊசி போடும்போது முதுகை வளைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, அசையாதிருக்குமாறு தாய்க்குச் சொல்லவேண்டும். நிறைமாத வயிற்றோடு அது எளிதன்று. முன்னால் நின்று தோளை அணைத்துப் பிடித்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்பவர் தாதியே.

அடுத்தது விழிப்பு. இதுவே தாதியின் சொந்த நிலம் எனலாம். சிகிச்சை முடிந்த நோயாளி கண்காணிப்பு அறைக்கு வந்தபின், அவரை வாட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்ய, அல்ட்ரெட் என்பார் 1970ஆம் ஆண்டு ஒரு புள்ளித் திட்டம் வகுத்தார். கைகால் அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், உணர்வு, நிறம் என்னும் ஐந்துக்கும் இரண்டிரண்டு புள்ளிகள்; பத்துக்கு ஒன்பதேனும் பெற்றால் சித்தி. நிறத்துக்குப் பதிலாக இப்போது ஒட்சிசன் அளவைக் கொள்கின்றனர். ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு இத்திட்டம் மிகவும் பிடித்தது. ஆனால், எந்த மொழியில் இப்பரீட்சை நடத்தப்படுகிறது? கையை உயர்த்துங்கள், தலையைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள், கண்ணைத் திறந்து பெயரைச் சொல்லுங்கள் என்பனவே வினாக்கள். தசை தளர்த்தும் மருந்தின் வலு முற்றாக நீங்கிவிட்டதா என்பதைத் தலையைத் தூக்கச் செய்து அறிகின்றனர். பாதி விழிப்பில் இருப்பவருக்குத் தாம் கற்ற இரண்டாம் மொழி விளங்காது போகவும் கூடும். சிங்களத்திற் சொன்ன கட்டளைக்குத் தலையைத் தூக்காத ஒருவர், வலுவின்றிக் கிடக்கிறாரா, விளங்காமற் கிடக்கிறாரா? இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வலுவின்றிக் கிடப்பவரை விளங்காதவர் என்று எண்ணி விட்டுவிட்டால் மூச்சு நின்றுபோகலாம். அறுபது வயது ஆடவர் ஒருவர் அழைப்புக்கு அசையாதிருந்து, எங்கள் மாணவி 'ஐயா, தலையைத் தூக்குங்க' என்றவுடன் தூக்கினாராம். இதனைச் சொல்லும்போது அவர் சிரித்தார்.

2008ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலும், மயக்கம் கொடுக்குமுன், நோயாளி தம் பெயரையும், செய்யப்படும் சிகிச்சையையும், எந்தப் பக்கத்தில் என்பதையும் தாமே உறுதிப்படுத்த வேண்டுமென்று தொடங்குகிறது. பிறகே, ஒவ்வாத மருந்து உண்டா என்பன போன்ற வினாக்கள் வருகின்றன. நோயாளி வாய் திறந்து பேசுவார் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்த பட்டியல் அது.

கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கும் தெல்தோட்டையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் பன்விலையிலிருந்தும் தமிழ் பேசும் மக்கள் வருகின்றனர். அவர்களுடைய மொழி பேசும் தாதியர் தொகையோ சிறிது. இதற்குக் காரணம் பெண்பிள்ளைகளின் ஆர்வக்குறைவு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஒப்புவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரைப் பிரசைகளல்லாதாராக்கியது. பிரசையல்லாதார் அரசாங்க உத்தியோகம் பெறுதல் இயலாது. அரசாங்க வைத்தியசாலையில் தாதியாதல் எங்ஙனம்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின்னும் இச்சிக்கல் படிப்படியாகவே நீங்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே பிரசாவுரிமை வழங்கிற்று. அதனோடு, தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் அரிது. தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவில் பயின்றோரை நாடுவதே பொதுவழக்கம். பௌதிகவியலுக்கு ஆசிரியரில்லாத பாடசாலையிலிருந்து தாதி வரமாட்டார். கலைப் பிரிவு மட்டும் உள்ள பாடசாலைகளின் அதிபர்கள் இதனை என்னைவிட நன்கறிவர்.

தமிழில் இக்கல்வி இயலாதென்று கருதுவோரும் உளர். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்தார். சத்திர வைத்தியம் பற்றிய இரண வைத்தியம் என்னும் நூல் 1867ஆம் ஆண்டு அவர் முயற்சியால் வெளிவந்தது. அதே ஆண்டிற்றான் நம் கண்டி மலைகளில், லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். தேயிலை மலைமுழுதும் பரவிற்று. தமிழ் வைத்திய நூல் மானிப்பாயோடு நின்றது.

இன்று தாதியர் கல்லூரிகளிற் பாடநூல்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன; அதை நான் குறை கூறவில்லை. மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் அறியட்டும். நோயாளியின் விடையைத் தமிழிற் கேட்கட்டும். கண்டியிலுள்ள தாதியர் கல்லூரியில் மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டப்படிப்பும் உண்டு. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும். வர்த்தமானி தோட்டத்து லயங்களுக்குச் செல்வதில்லையாதலால், அதனை வாசித்துச் சொல்வது பாடசாலையின் கடமையாகிறது. எங்கள் பாடசாலையில் அறிவித்தற் பலகையில் ஒட்டுவதோடு நில்லாமல், காலைக் கூட்டத்திலும் வாசிக்கிறோம்.

தமிழ்த் தாதியர் தொகை பெருகும்வரை நோயாளிகள் காத்திருக்க இயலாது. கூடத்திற் கடமையாற்றுவோரிற் பெரும்பாலார் சிங்களச் சகோதரிகள். அவர்களுட் பலர் தமிழ் கற்க ஆவலுடையவர்கள். அவர்களுள் ஒருவர் எங்கள் பழைய மாணவியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தமிழ் ஒலிப்படி சிங்கள எழுத்தில் எழுதித் தருமாறு கேட்டாராம். இருபது கேள்விகள் எழுதியாயின. முதலில் எழுதிய கேள்வியிலேயே ஓர் இடர். எப்பொழுது சாப்பிட்டீர்கள் என்று எழுதப் புகுந்தால், சிங்கள நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. என்ன செய்வதென்று என்னிடம் வந்தார். தோட்டத்தில் எவரும் எப்பொழுது என்று கேட்பதில்லை, எத்தனை மணிக்கு என்று எழுதும் என்றேன். கடைசியாக எத்தனை மணிக்கு, வாயில் என்ன போட்டீங்க என்று கேள்வி அமைந்தது. ழகரமும் நீங்கிற்று, விடையாக ஒரு மணியும் கிடைக்கிறது. வாய் எவ்வளவு திறக்கும், பல் ஆடுகிறதா, தலையைத் தூக்குங்க, இருமுங்க, மூச்சை நல்லா இழுங்க என்பன அதனை அடுத்து வருகின்றன. அக்கொப்பி இப்போது அக்கூடத்தில் பலர் கை மாறி, ஓரம் கிழிந்துவிட்டதாகக் கேள்வி. சென்ற வாரம், புதிய கொப்பியொன்றில் பிரதி செய்வதற்கு எங்கள் பத்தாம் வகுப்பு மாணவிகள் இருவரை அமர்த்தியிருக்கிறோம். இருவரும் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பவர்கள்.